மனச்சிதைவும் சிந்தனை-நடத்தைச் சிகிச்சையும்: டர்பன் வீடுகளில் கேட்ட கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு கோயில் கூடத்தில் சனிக்கிழமை மாலைகளில் மனநோயுள்ளவர்களின் வீட்டாரோடு பல ஆண்டுகளாக உட்கார்ந்து பேசி வருகிறேன். மனநலப் பிரிவில் செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் தம்பிக்கும் ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய் உண்டு. இதைப் பற்றி ஆங்கிலத்தில் வேண்டிய அளவு தகவல் கிடைக்கிறது. ஆனால் பிள்ளைகள் வேலைக்குப் போனபின் நோயாளியோடு பகல் முழுதும் வீட்டில் இருப்பவர்கள் ஆயாவும் தாத்தாவும்தான். அவர்களிலும், தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இங்கே வந்து குடியேறியவர்களிலும், தமிழில் படித்தால்தான் மனத்தில் பதியும் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக, என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதுகிறேன்.

"சிஸ்டர், மனச்சிதைவுக்கு மாத்திரைதானே மருந்து? பேசினால் எப்படிக் குணமாகும்?"

மாத்திரைதான் அடிப்படை. அதை நிறுத்திவிட்டுப் பேச்சுச் சிகிச்சைக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் மாத்திரையால், ஆளில்லாமலே காதில் கேட்கும் குரல்களும் சந்தேகங்களும் குறைந்த பிறகும் பல பேருக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தோடு வாழப் பழகிய விதத்தில் சில நடத்தைகளும் ஒட்டிக்கொண்டிருக்கும்: குளிக்க மறுப்பது, சமைத்ததைத் தொடாமல் இருப்பது, ராத்திரி வாசலில் காவல் நிற்பது, கத்துவது, அடிப்பது. சிந்தனை-நடத்தைச் சிகிச்சை (ஆங்கிலத்தில் சி.பி.டி.) என்னும் பேச்சுச் சிகிச்சை வேலை செய்யும் இடம் இதுதான்.

இது புதிதாக வந்த ஒன்றும் அல்ல. இந்தச் சிகிச்சை முறையை உருவாக்கிய அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக், தன்னை உளவு பார்க்கிறார்கள் என்று உறுதியாக நம்பிய ஒரு நோயாளியோடு பேசிப் பேசியே பலன் கண்டதை 1952-லேயே கட்டுரையாக எழுதினார். அதன் பிறகு மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இந்த முறை புகழ்பெற்றது. மனச்சிதைவுக்கு இதை முறையாகப் பயன்படுத்தத் தொடங்கப் பல ஆண்டுகள் பிடித்தன.

"அறைக்குள் உட்கார்ந்து என்னதான் செய்வார்கள்? அறிவுரை சொல்வார்களா?"

அறிவுரை சொல்வதில்லை. நாம் வீட்டில் சொல்லாத அறிவுரையா? முதல் சில சந்திப்புகள் பழகுவதிலேயே போகும். பிறகு, தொந்தரவு தரும் ஒரு நடத்தையை எடுத்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்பார்கள். அதற்கு முன்னால் என்ன நடந்தது? அப்போது மனத்தில் என்ன நினைப்பு ஓடியது? அதன் விளைவாக என்ன உணர்ந்தீர்கள், என்ன செய்தீர்கள்? சம்பவம், நினைப்பு, விளைவு என்று ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டுக்கொள்வார்கள்.

ஒரு பையன் பக்கத்து வீட்டுக்காரரின் ஜன்னலில் கல் எறிந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்குத் தெரிந்தது கல் மட்டும். தாளில் எழுதிப் பார்த்தால், அந்த மனிதர் இருமினார் என்பது சம்பவம். "என்னைக் கொல்ல யாருக்கோ சைகை கொடுக்கிறார்" என்பது நினைப்பு. பயமும் கல்லும் விளைவு. அடுத்த வாரம் ஒரு சின்னச் சோதனை: பஸ்ஸில் வரும்போது எத்தனை பேர் இருமுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வரச் சொல்வார்கள். இருமலுக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பது அவன் கண்ணாலேயே கண்டதாகிவிடும். நாம் ஆயிரம் முறை சொல்வதைவிட அது வலியது.

"என் தம்பி மூன்று வாரமாகக் குளிக்கவில்லை. இது சோம்பலா, நோயா?"

இந்தக் கேள்வியை என் வீட்டிலேயே பல மாதம் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். என் தம்பியைக் குளிக்கச் சொல்லி அம்மா கெஞ்சுவார், அண்ணன் திட்டுவார், ஒரு நாள் நான் கையைப் பிடித்து இழுத்தேன். செவிலியாக இருந்தும் அப்படிச் செய்தேன் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அவனுக்குச் சிகிச்சை கொடுத்த இளம் உளவியலாளர்தான் ஒரு எளிய கேள்வி கேட்டார்: "குளியலறைக்குள் போனதும் முதலில் என்ன ஆகிறது?" அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: ஷவரைத் திறந்ததும் தண்ணீர் இரைச்சலுக்குள்ளிருந்து குரல்கள் உரக்கக் கேட்கின்றன, கதவு வேறு சாத்தியிருக்கிறது.

அன்று மாலை ஒரு வாளியையும் எங்கள் ஆயா காலத்துப் பித்தளைச் செம்பையும் குளியலறையில் வைத்தோம். கதவை ஒரு கையளவு திறந்தே வைக்க ஏற்பாடு. ரேடியோவில் பாட்டு. முதல் வாரம் கைகால் மட்டும் கழுவினான். மூன்றாவது வாரம் தலைக்கு ஊற்றிக்கொண்டான். செம்பு வாளியில் மோதும் ஓசையை நாங்கள் கூடத்தில் மூச்சடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எல்லார் வீட்டிலும் ஷவர்தான் காரணம் என்று எண்ணிவிட வேண்டாம். இந்த நோயே ஊக்கத்தை வற்றச் செய்வதும் உண்டு. மாத்திரையின் மந்தமாகவும் இருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். அப்படியானால் வேலையைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒன்றொன்றாகச் செய்யப் பழக்குவார்கள். ஆனால் காரணத்தைக் கேட்காமல் சோம்பேறி என்று பெயர் வைத்துவிட்டால் எந்த வழியும் பிறக்காது.

"அவன் சொல்வது பொய் என்று விளக்கினால் கோபம்தான் கூடுகிறது. அப்படியானால் ஆமாம் போட்டுவிடலாமா?"

இரண்டும் வேண்டாம். மறுத்தால் நீங்களும் எதிரிக் கட்சியில் சேர்ந்துவிட்டீர்கள் என்று நினைப்பான். ஆமாம் போட்டால் அம்மாவே ஒத்துக்கொண்டார் என்று நம்பிக்கை இறுகும். நம்பிக்கையை விட்டுவிட்டு உணர்ச்சிக்குப் பதில் சொல்லுங்கள். "அப்படி நினைத்தால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். எனக்கு அந்தக் குரல் கேட்கவில்லை, ஆனால் உனக்குக் கேட்கிறது என்பது தெரிகிறது. இப்போது பயம் குறைய என்ன செய்யலாம்?" இதில் பொய்யும் இல்லை, சண்டையும் இல்லை.

"நான் சமைத்ததில் விஷம் என்கிறாள். கடையில் வாங்கினால் மட்டும் சாப்பிடுகிறாள். பெற்ற தாய்க்கு இது எப்படி இருக்கும்?"

தாங்க முடியாததுதான். அந்த அம்மா என் எதிரே அழுதபோது எனக்கும் பேச்சு வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விஷம் என்று உண்மையாகவே நம்பும் ஒருத்தி அதைச் சாப்பிடாமல் இருப்பது, அவளுடைய கணக்கில் சரியான செயல். மூடி திறக்காத பொட்டலம் அவளுக்குப் பாதுகாப்பு. இப்படித் தற்காத்துக்கொள்ளும் பழக்கங்கள் அந்த நேரத்துப் பயத்தைத் தணிக்கின்றன. ஆனால், வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பை அவை பறித்துவிடுகின்றன. அதனால்தான் பயம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது.

அந்த வீட்டில் மீன் டின்னில் தொடங்கினார்கள். டின்னைத் திறப்பது அவள், வெங்காயம் தக்காளி வதக்குவது அம்மா, அவள் பக்கத்தில் நின்று பார்ப்பாள். சாப்பிடுமுன் பயம் பத்துக்கு எத்தனை, ஒரு மணி நேரம் கழித்து எத்தனை என்று ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டாள். முதல் நாள் எட்டு. சில வாரங்களில் மூன்று. அதன் பிறகுதான் அம்மா தனியாகச் சமைத்த பருப்புக்கு வந்தார்கள். அம்மா எடுத்த எடுப்பிலேயே ஒரு வாய் தின்று காட்டி, "பார், சாகவில்லை" என்று சத்தியம் செய்திருந்தால் இது நடந்திருக்காது.

"குரல் ஏதாவது செய்யச் சொல்லிக் கட்டளையிட்டால் என்ன செய்வது?"

உடனே மருத்துவருக்குச் சொல்ல வேண்டிய விஷயம் இது. தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தற்கொலை எண்ணம் இருந்தால் 0800 567 567 என்ற இலவச எண்ணில் தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்ற நோய்க் குழுவினர் பேசுவார்கள்.

சிகிச்சையில் இதற்கென்றே ஒரு வழி உண்டு. குரலை விரட்டுவதைவிட, குரலுக்கு இருப்பதாக நோயாளி நம்பும் அதிகாரத்தைக் குறைப்பது. "கீழ்ப்படியாவிட்டால் அம்மா செத்துவிடுவார் என்று சொல்கிறதே, போன மாதம் நீ கீழ்ப்படியாத நாளில் என்ன ஆயிற்று?" என்று மெல்லக் கேட்பார்கள். இங்கிலாந்தில் 197 பேரை வைத்து நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 46 சதவீதம் பேர் குரலின் கட்டளைக்கு முழுதும் கீழ்ப்படிந்திருந்தார்கள். இந்தச் சிகிச்சையும் பெற்றவர்களில் அது 28 சதவீதம். குரல் நிற்காவிட்டாலும் பிடி தளரலாம் என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

"அடிக்கிறான், சிஸ்டர். இதற்குமா பேச்சு?"

அடி விழும் நேரத்தில் பேச்சு இல்லை. அப்போது உங்கள் பாதுகாப்புதான் முதல். வெளியே போகும் வழியை மறைத்துக்கொண்டு நிற்காதீர்கள். கத்தியையும் கத்தரியையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். குழந்தைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புங்கள். மனநோயால் ஒருவர் தனக்கோ பிறருக்கோ கடும் தீங்கு செய்யக்கூடும் என்று காவல் துறையினருக்குத் தோன்றினால், அவரை மருத்துவ நிலையத்துக்கு அழைத்துப்போக 2002-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு வழி செய்கிறது. காவல் துறையின் 10111 எண்ணை அழைக்கும்போது "குற்றவாளி" என்று சொல்லாமல், "மனநோயாளி, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

அவர் சம்மதிக்காத நிலையில் சேர்ப்பதற்கும் அதே சட்டத்தில் முறை உண்டு. கணவன், மனைவி, பெற்றோர், நெருங்கிய உறவினர் போன்றவர்கள் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிப்பவர் அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள் நோயாளியை நேரில் பார்த்திருக்க வேண்டும். மனநலப் பணியாளர்கள் இருவர் தனித்தனியே பரிசோதிப்பார்கள். பிறகு 72 மணி நேரம் வைத்துக் கவனித்த பின்னரே மேற்கொண்டு முடிவு செய்வார்கள்.

பேச்சுக்கு இடம் அமைதி திரும்பிய பிறகு. முன்னே சொன்ன மூன்று கட்டத் தாளை எடுத்து, எது மூட்டியது, உடம்பில் முதலில் எங்கே தெரிந்தது, எந்த இடத்தில் வெளியே நடந்து போயிருக்கலாம் என்று பின்னோக்கிப் பார்ப்பார்கள். வன்முறை வரலாறுள்ள 77 நோயாளிகளோடு இங்கிலாந்தில் நடந்து 2009-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், சேர்ந்து பொழுதுபோக்கும் பயிற்சி பெற்றவர்களைவிட இந்தச் சிகிச்சை பெற்றவர்களிடம் வன்முறைச் சம்பவங்கள் குறைந்திருந்தன. சிறிய ஆய்வுதான். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: மனச்சிதைவுள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை, பிறரால் அடிபடுகிறவர்களே அதிகம்.

"மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துத் துப்பிவிடுகிறான்."

ஏன் துப்புகிறான் என்று கேட்டீர்களா? குளியலுக்குக் கேட்டது போலவே கேளுங்கள். எடை கூடியது, கை நடுக்கம், ஆண்மைக் குறைவு, காலையில் எழ முடியாத தூக்கம், இப்படி வெளியே சொல்ல வெட்கப்படும் காரணம் இருக்கும். மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம், சில வாரங்களுக்கு ஒரு முறை போடும் ஊசிக்கும் மாறலாம். சாப்பாட்டில் பொடித்துக் கலந்து கொடுக்கிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். விஷம் என்று பயப்படுபவனுக்கு அது உண்மையாகவே ஆகிவிட்டது என்று ஒரு நாள் தெரியவரும்.

"டக்காவும் சுகர்ஸும்தான் இவனைக் கெடுத்தது. அதை விட்டால் சரியாகிவிடுவானா?"

டக்கா, அதாவது கஞ்சா, புகைப்பது இந்த நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும், வந்தவருக்கு மீண்டும் மீண்டும் முற்றவும் செய்யும். 2018-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வயது வந்தவர்கள் தனியிடத்தில் பயன்படுத்துவது குற்றமல்ல என்று தீர்ப்பளித்ததைச் சொல்லி, "சட்டமே அனுமதிக்கிறது" என்று பையன்கள் வாதாடுகிறார்கள். சட்டம் அனுமதிப்பது வேறு, இந்த மூளை தாங்குவது வேறு. சுகர்ஸ் என்பது மலிவான ஹெராயின் கலவை. சாட்ஸ்வர்த்தில் எத்தனை வீடுகளை அது தின்றது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதைத் திடீரென்று விடும்போது வரும் உடல் வேதனைக்கு மருத்துவ உதவி தேவை.

விட்டால் நிலைமை தேறும், நோய் முழுதும் போய்விடும் என்று உறுதி சொல்ல முடியாது. சிகிச்சையில் "எதற்காகப் புகைக்கிறாய்?" என்றுதான் தொடங்குவார்கள். குரல் அடங்குகிறது, தூக்கம் வருகிறது, நண்பர்கள் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று பதில் வரும். அந்தத் தேவைக்கு வேறு வழி கிடைத்தால்தான் கை விடும். ஒரு எச்சரிக்கை: குளோசபின், ஓலான்சபின் மாத்திரை எடுப்பவர் சிகரெட்டைச் சட்டென்று நிறுத்தினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். நிறுத்துமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

"அவள்மேல் அம்மன் வருகிறாள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நோய் என்று சொன்னால் பாவம் இல்லையா?"

நானும் காவடி எடுத்த குடும்பத்தில் பிறந்தவள். ஈஸ்டர் நாட்களில் மவுண்ட் எட்ஜ்கூம் மாரியம்மன் கோயிலில் எத்தனையோ பேருக்கு அருள் வந்து பார்த்திருக்கிறேன். அருள் வருபவர் விரதம் இருந்து, உரிய இடத்தில், உரிய நேரத்தில் ஆடுகிறார். தீபாராதனை முடிந்ததும் திருநீறு பூசிக்கொண்டு சாப்பிட உட்கார்கிறார், திங்கட்கிழமை வேலைக்குப் போகிறார். நோயில் அப்படி இல்லை. கோயிலில் மட்டும் அல்லாமல் பஸ்ஸிலும் படுக்கையிலும் குரல் வரும், திட்டும், மிரட்டும். தூக்கம் போகும், வேலை போகும், மாதக்கணக்கில் நீளும்.

நல்ல சிகிச்சையாளர் பக்தியைத் தொடமாட்டார். சாமி கும்பிடுவது ஆறுதல் தந்தால் அதைச் சேர்த்துக்கொண்டே திட்டமிடுவார். பூசாரியிடம் போவதையும் நான் தடுப்பதில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பூசாரி, கட்டி வைத்து அடிக்கும் பூசாரி, பட்டினி போடும் பூசாரி, இவர்களிடம் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

"நாள் முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறான். நல்லதுதானே?"

நல்லதல்ல. அளவு மீறினால் இரத்தத்தில் உப்பு குறைந்து வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகும். இதற்குக் காரணம் மாத்திரையால் வாய் உலர்வதாக இருக்கலாம், நீரிழிவாக இருக்கலாம், குரலின் கட்டளையாகவும் இருக்கலாம். முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகு மற்றவை.

"எத்தனை தடவை போக வேண்டும்? செலவு?"

இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டல் குறைந்தது 16 சந்திப்புகள் என்கிறது. வீட்டாரையும் சேர்த்து நடத்தும் குடும்பச் சிகிச்சைக்குக் குறைந்தது 10. நம் நாட்டில் அரசு மருத்துவமனைகளில் உளவியலாளர்கள் மிகக் குறைவு. காத்திருக்க வேண்டியிருக்கும், இரண்டு சந்திப்புகளுக்கு இடையே நாள் கூடிப்போகும். உள்ளூர் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். உளவியலாளர் இல்லையென்றால், பயிற்சி பெற்ற செவிலியோ தொழில்வழிச் சிகிச்சையாளரோ சமூகப் பணியாளரோ இதில் சில பகுதிகளைச் செய்ய முடியுமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவத் திட்டம் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: எல்லாத் திட்டங்களும் கட்டாயம் ஏற்க வேண்டிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் மனச்சிதைவு இருக்கிறது.

"ஆங்கிலத்தில் பேசும் வெள்ளைக்கார உளவியலாளருக்கு நம் வீட்டு விஷயம் புரியுமா?"

நம் இளையவர்கள் பெரும்பாலோர் ஆங்கிலத்திலேயே நினைக்கிறார்கள், அவர்களுக்கு மொழி தடையில்லை. பெரியவர்கள் மொழிபெயர்ப்புக்கு ஆள் கேட்கலாம். வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம், தகப்பன் தன் பயத்தை மகன் வழியாகச் சொல்லமாட்டார். செய்வினை, கண்ணேறு என்று வீட்டில் பேசிக்கொண்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சையாளருக்குத் தெரிய வேண்டியதே அதுதான்.

"இதனால் பெரிய பயன் இல்லை என்று ஆராய்ச்சியாளர்களே சொல்வதாக என் மகன் படித்துக் காட்டினான்."

உங்கள் மகன் படித்தது சரி. 2014-இல் வெளியான, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு பெரிய அலசல், நோய் அறிகுறிகளைக் குறைப்பதில் இதன் பயன் சிறியது என்றது. யார் எந்தச் சிகிச்சை பெற்றார் என்று தெரியாமல் மதிப்பிட்ட ஆய்வுகளில் அது இன்னும் சிறியதாகத் தெரிந்தது. இதை நான் மறைக்கமாட்டேன்.

ஆனால் அந்த எண்கள் அளப்பது பெரும்பாலும் அறிகுறிகளின் மொத்த மதிப்பெண்ணை. குரல் அப்படியே இருக்க, குளிக்கத் தொடங்கிய என் தம்பி அந்த மதிப்பெண்ணில் பெரிதாக மாறியிருக்கமாட்டான். எங்கள் வீடு மாறிவிட்டது. மருந்து சரியாகக் கேட்காதவருக்கு முதலில் குளோசபின் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அதற்குத் தொடக்கத்தில் 18 வாரம் வாராவாரம் இரத்தம் எடுப்பார்கள், அலுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு மாற்றாக அல்ல, அதற்குத் துணையாகத்தான் இந்தச் சிகிச்சையைச் சொல்கிறேன்.

"அவன் வரவே மாட்டேன் என்கிறான். நாங்கள் மட்டும் ஏதாவது செய்யலாமா?"

செய்யலாம், செய்ய வேண்டும். திட்டும் பகையும், எல்லாவற்றையும் தானே செய்து பொத்திப் பொத்தி வைக்கும் கவலையும் மிகுந்த வீடுகளில் நோய் திரும்ப முற்றுவது அதிகம் என்று லண்டனில் தொடங்கிய ஆய்வுகள் 1960-களிலிருந்து காட்டி வருகின்றன. இதைச் சொன்னதும் தாய்மார்கள் "அப்படியானால் என்னால்தானா?" என்று கேட்கிறார்கள். இல்லை. நோய் உங்களால் வரவில்லை. தொனி மட்டும் உங்கள் கையில் இருக்கிறது.

ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் கேளுங்கள். "எப்போதும் இப்படித்தான்" என்ற பேச்சை விடுங்கள். குடும்பச் சந்திப்புக்கு நீங்கள் மட்டுமாவது போங்கள். ஒரு வாரம் மூன்று கட்டத் தாளை நீங்களே எழுதிப் பாருங்கள், கோபம் வந்தது எந்த நேரம், யார் என்ன சொன்ன பிறகு என்று.

"என் காலத்துக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார்கள்?"

ஒவ்வொரு சனிக்கிழமையும் யாராவது ஒருவர் கடைசியில், மற்றவர்கள் எழுந்த பிறகு, இதைக் கேட்கிறார். இல்லத்தில் சேர்ப்பது துரோகம் அல்ல. ஆனால் உரிமம் இருக்கிறதா என்று தாளைக் கண்ணால் பாருங்கள், முன்சொல்லாமல் இரண்டு முறை போய்ச் சாப்பாட்டையும் படுக்கையையும் பாருங்கள். 2015, 2016-இல் கௌடெங் மாகாணத்தில் லைஃப் எசிடிமெனி மருத்துவமனைகளிலிருந்து மனநோயாளிகளை அவசர அவசரமாகத் தகுதியற்ற இல்லங்களுக்கு மாற்றியதில் 144 பேர் இறந்தார்கள். பலருடைய வீட்டாருக்கு எங்கே மாற்றினார்கள் என்பதே தெரிந்திருக்கவில்லை. 18 வயது முதல் 59 வரை உள்ளவர்களுக்கு ஊனமுற்றோர் உதவித்தொகை உண்டு. இதுவரை விண்ணப்பிக்கவில்லையென்றால் அரசின் உதவித்தொகைகளை வழங்கும் சாஸா அலுவலகத்துக்கு மருத்துவக் கோப்போடு போங்கள்.

பிறகு ஒரு தாள் எழுதுங்கள். சிகிச்சையின் கடைசிச் சந்திப்புகளில் நோயாளியோடு சேர்ந்து இப்படி ஒன்று தயாரிப்பார்கள்: நோய் முற்றப் போகிறது என்பதற்கு அவரவருக்கே உரிய முதல் அடையாளங்கள், அப்போது யாரைக் கூப்பிட வேண்டும், எது அவரை அமைதிப்படுத்தும், எதைச் சொல்லவே கூடாது. என் தம்பியின் தாள் என் மகளிடமும் கிளினிக் கோப்பிலும் இருக்கிறது. இரண்டு ராத்திரி தூங்காவிட்டால் கிளினிக்குக்குப் போன் செய்யவும், ஜன்னல் திரையை ஊக்கால் குத்தி மூடினால் கேள்வி கேட்காமல் பக்கத்தில் உட்காரவும், ஷவர் வேண்டாம், வாளியும் செம்பும் போதும். கடைசி வரியை அவனே தன் கையால் எழுதினான்.